செங்காயாக ஒரு கிலோ

சித்திரை மாதத்து மதுரையில் வெண்ணெயை மேடையில் எடுத்து வைத்துவிட்டு ஏலக்காய் தட்டத் திரும்பினால் போதும், கிண்ணத்தில் பாதி எண்ணெயாக நிற்கும். ஆப்பிள் பை, டார்ட் என்று படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். அவற்றின் அடியில் இருக்கும் மொறுமொறுப்பான தட்டுக்கு, மாவுக்குள் வெண்ணெய் சிறு சிறு துணுக்குகளாக உருகாமல் நிற்க வேண்டும். அடுப்புக்குள் போன பிறகுதான் அது உருகலாம். அதிலிருக்கும் நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். வெண்ணெய் உருகுவது 32 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள். மத்தியான வேளையில் எங்கள் சமையலறையின் சூடே அதற்கு மேல். பிறகு எங்கே பிசைவது, எங்கே தேய்ப்பது? ஏசி அறையில் மாவு தேய்க்க வசதியுள்ளவர்கள் தேய்க்கட்டும்.

மாவுத் தட்டே இல்லாமல் பழத்தை ஓவனில் வைத்து எடுக்கும் இனிப்புகள் எத்தனையோ இருக்கின்றன. பிரான்ஸின் லிமூசின் பகுதியில் செர்ரிப் பழத்தின் மேல் முட்டையும் பாலும் மாவும் கலந்த கரைசலை ஊற்றிச் சுடும் கிளாஃபூட்டி ஒன்று. இங்கிலாந்தின் கிரம்பிள் இன்னொன்று: பழத் துண்டுகளைப் பாத்திரத்தில் பரப்பி, வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து உதிர்த்த மாவை மேலே தூவிச் சுட்டு எடுப்பது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில், பிரிட்டனில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. அடியிலும் மேலும் மாவு வைத்து மூடக் கட்டுப்படியாகாத வீடுகளில் இந்த உதிர்த்த மாவு அப்போதுதான் வேரூன்றியது என்பார்கள். ரேஷன் 1954-இல் ஒழிந்தது, கிரம்பிள் ஒழியவில்லை.

எங்கள் வீட்டில் அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. இதில் முட்டை கிடையாது. என் மாமியார் பேக்கரி கேக்கைத் தொடமாட்டார். முட்டை இல்லை என்று கடைக்காரர் சத்தியமே செய்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்து தங்கும் உறவினர்களில் பெரியவர்கள் பாதிப் பேர் அவரைப் போலத்தான். இவர்களுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கும் புதிதாக இருக்க வேண்டும், அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் களைத்து வருகிறவர்களுக்கு முன் ஒரு மணி நேரத்தில் தயாராக வேண்டும் என்றால் இதைவிட எளிய இனிப்பு எனக்குத் தெரியாது. ஆனாலும் அவ்வளவு லேசில் மாமியார் சம்மதித்துவிடவில்லை.

"பழுத்த பழத்தை உரித்துத் தின்னாமல் அடுப்பில் ஏற்றுவார்களா?" என்று கேட்டார்.

"சித்திரை ஒன்றாம் தேதி பச்சடி செய்கிறோமே, அத்தை. வெல்லம் போட்டு, வேப்பம்பூ போட்டு."

"அது மாங்காய். இது பழம்."

என் வாயை அடைக்கச் சொன்னதுதான். ஆனால் இந்த இனிப்பின் சூட்சுமம் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. நன்றாகப் பழுத்த மாம்பழத்தைச் சுட்டால் அதன் மணம் போய்விடும், துண்டு கரைந்து கூழாகிவிடும், புளிப்பு அறவே இல்லாததால் வெறும் தித்திப்புத்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட பழத்தை அத்தை சொன்னதுபோல உரித்துத் தின்பதே மரியாதை. காயாகவும் இல்லாமல் பழமாகவும் ஆகாமல் நடுவில் நிற்கும் செங்காய்தான் அடுப்புக்கு உகந்தது. இங்கிலாந்துக்காரர்களும் தின்கிற ஆப்பிளை இதற்குப் போடுவதில்லை. பிராம்லி என்று புளிப்பு மிகுந்த ஓர் ஆப்பிளைச் சமையலுக்கென்றே வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த ஆப்பிள் வேண்டியதில்லை. நத்தம் மாந்தோப்புகள் பக்கத்தில் இருக்கின்றன.

யானைக்கல் பக்கம் கூடையில் மாம்பழம் வைத்து விற்கும் ஓர் அம்மாவிடம்தான் எப்போதும் வாங்குவேன். இவரிடம் செங்காய் வாங்குவது சுலபமல்ல. நான் எடுத்துப் போடுவதையெல்லாம் அவர் திரும்ப எடுத்து வைப்பார்.

"ஏத்தா, இது பழுக்க இன்னும் மூன்று நாள் ஆகும்."

"பழுக்கவே வேண்டாம் அக்கா. இப்படியே ஒரு கிலோ போடுங்கள்."

"ஊறுகாய்க்கா? அதற்கு இது முற்றிவிட்டதே!"

அடுப்பில் சுடப் போகிறேன் என்று சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் தேர்ந்தெடுப்பதை அவர் கைகளிடம்தான் கற்றுக்கொண்டேன். காயை உள்ளங்கையில் நிறுத்தி, காம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டுவார். காம்பு பள்ளத்தில் இறங்கி, இருபுறமும் தோள் புடைத்திருந்தால் முற்றிய காய். அடுத்துக் காம்படியை மூக்கருகே கொண்டுபோவார். மணம் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். தெருவுக்கே மணத்தால் அது பழம். மூக்குப் பக்கம் அழுத்தினால் விரல் பதியக் கூடாது. வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு: நறுக்கும்போது பலகையில் சாறு ஓடக் கூடாது. கத்தியில் ஈரம் தெரியலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வகைகளில் எனக்கு முதலிடம் கிளிமூக்குக்குத்தான். கல்லாமை என்றும் சொல்வார்கள். விலை குறைவு என்பதால் அதை ஏளனமாகப் பார்க்கிறோம். சதை கெட்டியாகவும் புளிப்போடும் இருப்பதால் அடுப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை. செந்தூரம் பரவாயில்லை. பங்கனபள்ளி செங்காயாக இருந்தால் சரி. இமாம்பசந்தை அடுப்பில் வைப்பது பாவம். அது அப்படியே தட்டில் வைத்து உண்ண வேண்டியது.

மாம்பழம் முடிந்ததும் இந்த இனிப்பை மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் பிளம்ஸ் மே, ஜூன் மாதங்களில் கீழே இறங்கும். புளிப்பும் தித்திப்பும் சரிபாதியாகக் கலந்த பழம் அது. சுட்டால் அடியில் சிவப்பு வழியும். நான் இதுவரை சுட்டவற்றில் அழகாக இருப்பது இதுதான். சிறுமலை வாழைப்பழத்தில் நீர்ச்சத்து குறைவு. தோல் கருத்துச் சுருங்கினாலும் சதை கெட்டியாகவே இருக்கும். பழநி பஞ்சாமிர்தத்துக்கு மலை வாழைப்பழத்தைத் தேடுவது இதனால்தான். ஓவனிலும் அது வடிவம் மாறாமல் நிற்கும், எலுமிச்சைச் சாறு மட்டும் தாராளமாக வேண்டும். ரஸ்தாளி கூழாகும். கொய்யாவைப் பொறுத்தவரை ஆயக்குடிக் கொய்யா வருகிற காலத்தில் செய்யலாம். நடுவிலிருக்கும் விதைப் பகுதியை வழித்துக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கொழகொழப்பான சாறு கிடைக்கும். அதையே துண்டுகள் மேல் ஊற்றினால் வேறு எதுவும் சேர்க்காமல் கெட்டிப்படும். மலைப் பேரிக்காய் கல்லாக இருக்கும். முன்கூட்டியே வேக வைத்துக்கொள்ள வேண்டும். பப்பாளியும் தர்பூசணியும் வேண்டாம். பன்னீர் திராட்சை மணமாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றாக விதை எடுக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

பழத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மீதி வேலை முழுவதும் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். மாம்பழத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். சர்க்கரை பட்டதும், சூடு பட்டதும் அது வெளியே வரும். வந்த நீர் எங்கே போகும்? ஒன்று ஆவியாக வேண்டும், அல்லது கெட்டியாக வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் மேலேயிருக்கும் மாவு அதைக் குடித்துவிடும். மேலே வறுவலாகத் தெரிந்து, கரண்டி போட்டால் உள்ளே களியாக இருக்கிற கிரம்பிளை விருந்துகளில் பலமுறை தின்றிருக்கிறேன். செய்முறை என்னவோ சரிதான். தண்ணீருக்குத்தான் யாரும் வழி சொல்லியிருக்கவில்லை.

ஆறு பேருக்கு என் அளவு இது. தோலும் கொட்டையும் நீக்கிய பழத்துண்டுகள் 800 கிராம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவாவது இருக்க வேண்டும். பொடியாக நறுக்கினால் கூழ்தான். 60 கிராம் சர்க்கரை, பழம் ரொம்பப் புளித்தால் 80. ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளிக்கிற பிளம்ஸுக்கு அது தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோர். சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. கார்ன்ஃப்ளோரைத் தண்ணீரில் கரைக்க வேண்டாம், உள்ளே இருக்கிற தண்ணீரே போதாதா? சர்க்கரையோடு கலந்து பழத்தில் புரட்டினால் கட்டி தட்டாது. கார்ன்ஃப்ளோர் இல்லாத வீட்டில் ஜவ்வரிசியை மிக்ஸியில் நைஸாகப் பொடித்து, பழத்தில் கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டுப் பயன்படுத்தலாம். எனக்கு இப்போதெல்லாம் அதுதான் பிடிக்கிறது. சாறு கண்ணாடியாகத் தெளிந்து நிற்கிறது. அரிசி மாவு என்றால் இரண்டு மடங்கு வேண்டும், கலங்கலாகவும் இருக்கும்.

பிளம்ஸ், அன்னாசி போன்று நீர் விடும் பழங்களுக்கு ஒரு வேலை கூடுதல். சர்க்கரையில் அரை மணி நேரம் புரட்டி வைத்து, கசிந்த சாற்றை மட்டும் வடித்து, வாணலியில் தேன் பதத்துக்குச் சுண்டவைத்து, ஆறிய பிறகு திரும்பப் பழத்தில் ஊற்ற வேண்டும். கார்ன்ஃப்ளோரைப் பழத்தில் புரட்டுவது அதற்குப் பிறகுதான். தூக்கி ஊற்றிவிட்டால் சுலபமாக முடிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் பழத்தின் ருசி முழுவதும் அந்தச் சாற்றில்தான் இருக்கிறது.

இனி மேல் மாவு. அளவை மனதில் நிறுத்துவது எளிது: எடையில் மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. 800 கிராம் பழத்துக்கு 150 கிராம் மாவு, 75 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை. மைதா மட்டும் போட்டால் ருசி தட்டையாக இருக்கிறது. நான் 100 கிராம் கோதுமை மாவும் 50 கிராம் கேப்பை மாவும் போடுகிறேன். கேப்பையை வெறும் வாணலியில் பச்சை வாசனை போக வறுத்து, நன்றாக ஆறவிட்டே சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் வெண்ணெய் அங்கேயே கதை முடிந்துவிடும். வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக உடைத்து ஒரு பிடி. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறமும் மணமும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அது ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும் என்பதால் வாணலிச் சூட்டில் காட்டி உதிர்த்துக்கொள்ள வேண்டும். கருப்பட்டி ஆசை உள்ளவர்கள் அதை மாவில் போடாதீர்கள். தூசி, மணல் இருந்தால் பல்லில் கடிபடும். கரைத்து வடிகட்டி, அந்தப் பாகில் பேரிக்காயை வேக வையுங்கள். பேரிக்காய்க்கு எப்படியும் முன்வேக்காடு வேண்டும். சுக்கும் கருப்பட்டியும் அதோடு சேர்ந்தால் ஓவனே தேவைப்படாது போலிருக்கும்.

வெண்ணெய் விஷயத்தில் அத்தைதான் குரு. பாக்கெட் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம். மீதியில் பெரும்பகுதி நீர். வீட்டில் ஆடை சேர்த்துக் கடைந்த வெண்ணெயில் நீர் இன்னும் அதிகம். அதை அப்படியே போட்டால் மாவு உதிராது, பிசைந்த மாவாகச் சேர்ந்துவிடும். அத்தை ஐஸ் தண்ணீரில் வெண்ணெய் உருண்டையைப் போட்டு, மோர் வெளுப்பு போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே கழுவுவார். கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்துவார். வெண்ணெய்க்குள்ளிருந்து நீர் முத்து முத்தாகக் கிளம்பி மணிக்கட்டு வழியே முழங்கை வரை இறங்கும். அது நிற்கும்வரை விடமாட்டார். உப்புப் போட்ட பாக்கெட் வெண்ணெய் என்றால் மாவில் தனியாக உப்பு வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நெய்யிலும் செய்யலாம். இதைச் சொன்னால் ஆங்கிலப் புத்தகம் படித்துச் சுடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ நெய்யில் செய்வதுதான் நம் ஊருக்குப் பொருந்தும் என்று படுகிறது. நெய்யில் தண்ணீர் இல்லை. அதனால் 75 கிராம் வெண்ணெய்க்கு 60 கிராம் நெய் போதும். மாவு மணல் மணலாக, இன்னும் கூடுதல் மொறுமொறுப்பாக வரும். வெண்ணெயில் கிடைக்கும் பெரிய உதிரிகள் கிடைக்காது. அவை வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த பாலைத் தெளித்து விரலால் கிளற வேண்டும். மதுரையில் நெய் வருடத்தில் பாதி நாள் திரவம்தான் என்பதால், கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்துப் பிறகு எடுக்கவும்.

உதிர்ப்பது விரல் நுனியால். உள்ளங்கை பட்டால் சூடு ஏறும். மாவையும் வெண்ணெயையும் விரல்களுக்கிடையில் தேய்த்து உயர்த்தி விடுவிட, காற்றுப் பட்டுக் குளிர்ந்து விழும். பதம் நமக்குத் தெரிந்த பதம்தான்: புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அந்த நிலை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே போனால் உருண்டையாகத் திரளும். உதிர்த்த மாவைத் தட்டோடு உறைபெட்டியில் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பழத்தைக் கவனிக்கலாம். சனிக்கிழமை இரவே இரண்டு மடங்கு உதிர்த்து, டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் ஓரிரு மாதம் இருக்கும். திடீரென்று விருந்தாளி வந்தால் பழம் நறுக்குவது ஒன்றுதான் வேலை.

பாத்திரம் எதுவாக இருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். எவர்சில்வர் பரவாயில்லை. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகவே ஆகாது, புளிப்புப் பட்டால் உலோகம் கரைந்து இறங்கும், ருசியும் கெடும். கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். எனக்குப் பிடித்தது மானாமதுரை மண்சட்டி. அகலமாக, ஆழம் குறைவாக, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆழமான சட்டியில் நீர் ஆவியாக இடம் கிடைக்காது. புதுச்சட்டியை நீரில் ஒருநாள் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரோ கஞ்சியோ ஊற்றிக் காய்ச்சிப் பழக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். மீன் குழம்பு வைத்த சட்டி கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். மண் எதையும் மறப்பதில்லை. மண்சட்டியைக் காய்ந்த ஓவனுக்குள் திடீரென்று வைக்காமல் குளிர்ந்த ஓவனில் வைத்து அதோடு சேர்த்துச் சூடேற்றினால் சட்டி பிழைக்கும். ஆறுவதும் மெதுவாகத்தான், பரிமாறி முடிக்கும்வரை சூடு இருக்கும்.

வீட்டு ஓவன்கள் சிறியவை. மேல் கம்பி பாத்திரத்தின் தலைக்கு மிக அருகில் இருக்கும். பெரிய ஓவனுக்கு எழுதிய செய்முறையில் 180 டிகிரி, 40 நிமிடம் என்று இருக்கும். அப்படியே வைத்தால் நம் ஓவனில் மேல் மாவு கருகி, நடுப்பழம் கொதிக்கவே தொடங்கியிருக்காது. அதனால் நான் இரண்டு தவணையாக வைக்கிறேன். முதலில் பழம் மட்டும், மூடாமல், 180 டிகிரியில் கால் மணி நேரம். மண்சட்டி என்றால் இன்னும் ஐந்து நிமிடம். ஓரத்தில் சாறு கசிந்து சூடானதும் வெளியே எடுத்து, உறைபெட்டியில் இருக்கும் மாவை அழுத்தாமல் தூவி, கீழ்த் தட்டில் வைத்து மீண்டும் 25 நிமிடம். மாவை அழுத்தினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிப்பக்கம் வெந்த மாவாகிவிடும். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மாவு தூவாமல் விட்டுவிடுவேன். ஆவிக்கு வழி, எனக்கு ஜன்னல். அந்த இடத்தில் சாறு கெட்டியாகி, குமிழ்கள் சோம்பலாக எழுந்து உடைந்தால் முடிந்தது. ஓரத்தில் கொதிப்பதை நம்ப வேண்டாம். ஓரம் எப்போதும் முதலில் கொதிக்கும், நடுவில் கார்ன்ஃப்ளோர் இன்னும் பச்சையாகவே இருக்கும். ஓவனின் திருகியில் போட்டிருக்கும் டிகிரியையும் முழுதாக நம்பக் கூடாது. உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி சில நூறு ரூபாய்தான்; வாங்கிப் போட்டால் உங்கள் ஓவன் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

எடுத்தவுடன் கரண்டி போடுகிற அவசரம் வேண்டாம். சாறு முழுதாகக் கெட்டிப்படுவது சூடு தணியும்போதுதான். 20 நிமிடம் விடுங்கள். இந்த 20 நிமிடத்தில் வீட்டில் பிள்ளைகளைச் சமையலறைப் பக்கம் வராமல் தடுப்பது மேற்சொன்ன எல்லாவற்றையும் விடக் கடினம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய ஓவனே 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் அதை ஓட்ட நினைக்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்தடை என்று பேப்பரில் வந்திருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுவேன். சொல்லாமல் கொள்ளாமல் போகிற மின்சாரம்தான் தலைவலி. பழம் மட்டும் உள்ளே இருக்கும்போது போனால் கவலையில்லை, கதவைத் திறக்காமல் வைத்திருந்து, வந்த பிறகு தொடரலாம். மாவு தூவிய பிறகு போனால் வேறு கதை. பாதி வெந்த மாவு அந்த வெதுவெதுப்பில் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்போது மேல் மாவை அகலக் கரண்டியால் மெதுவாக வழித்துக் கனமான இரும்பு வாணலியில் போட்டு, சிறு தீயில் பொன்னிறமாக வறுத்துத் திரும்பத் தூவிவிடுகிறேன். கேட்டால் ஓவனில் வந்ததென்றே சொல்வேன்.

இந்த அவசர வைத்தியம்தான் ஓவன் இல்லாத வீடுகளுக்கு நேர்வழி. குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு கேக் சுடுகிறோமே, அதில் கிரம்பிள் சுடலாமா என்று என் நாத்தனார் கேட்டார். சுடலாம், ஆனால் குக்கரில் மேலிருந்து சூடு வராது. பழத்தின் ஆவி மூடியில் முட்டி நீராகச் சொட்டும். மாவு சிவக்கவே சிவக்காது. காலியாகச் சூடேற்றுவதால் குக்கரும் கெடும். அதற்குப் பதில் அகலமான வாணலியில் பழத்தை மூடாமல், சிறு தீயில், சாறு கெட்டிப்படும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். உதிர்த்த மாவை இன்னொரு வாணலியில் விடாமல் கிளறி, கால் மணி நேரம் பொறுமையாக வறுத்து ஆறவிடுங்கள். ஆறும்போதுதான் அது மொறுமொறுக்கும், சூட்டில் தொட்டுப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று மேலும் வறுத்துக் கருக்கிவிட வேண்டாம். தட்டில் பழத்தை வைத்து, சாப்பிடுகிற நேரத்தில் மேலே தூவிக் கொடுத்தால் போதும். இதை ஓவனில் சுட்ட இனிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசிக் கரண்டி வரை மாவு மொறுமொறுப்பாக இருப்பது இந்த முறையில்தான், ஓவனில்கூட அது கிடைக்காது.

கூடவே என்ன கொடுப்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பிள்ளைகள் வெனிலா ஐஸ்கிரீம். நான் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போடாமல், ஆடையோடு குளிரவைத்து ஊற்றுவேன். ஜிகர்தண்டாவுக்குப் பழகிய நாக்குக்கு அந்தக் கெட்டிப் பால் இதமாக இருக்கும். பழத்தின் புளிப்பும் தித்திப்பும் தனித்தனியே தெரியும். பாலைத் தட்டில் ஊற்றும்போது மாவின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்ற வேண்டும். அத்தை இரண்டையும் விட்டுவிட்டுத் தயிரோடு சாப்பிடுகிறார். சர்க்கரை வியாதி உள்ள மாமாவுக்குப் பழத்தில் சர்க்கரை சேர்க்காமல் சிறு கிண்ணத்தில் தனியாக வைக்கிறேன். அவர் அதை முடித்துவிட்டு எங்கள் சட்டியின் ஓரத்தைச் சுரண்டுவதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மிச்சம் இருந்தால் வெயில் காலத்தில் வெளியே வைக்க வேண்டாம், ஆறியதும் குளிர்ப்பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் மாவு தளர்ந்துதான் இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் தளரும். ஓவனில் மூடாமல் 160 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் பாதி மொறுமொறுப்புத் திரும்பும். அந்தச் சிரமம் எதற்கு என்றால், உறைபெட்டியில் இருக்கும் மாவில் ஒரு பிடி எடுத்து வாணலியில் வறுத்து மேலே தூவிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் காலை இட்லிக்கு முன்பே அது தீர்ந்துவிடுகிறது.